ஏலவாடியின் பாதி எடை

2022 ஜூன் 9, வியாழக்கிழமை காலை பத்து நாற்பதுக்கு, முப்பத்திரண்டு மூட்டைக் கல்லைச் சுமந்த எட்டுக் குதிரைகள் தொப்பிமலை அடிவாரத்து வனத்துறை நுழைவாயில் வளைவை ஒவ்வொன்றாகத் தாண்டிக்கொண்டிருந்தபோது, பதினோரு கிலோமீட்டர் மேலே, ஏலவாடி அங்கன்வாடியின் எடைத் தராசில் ஆறு மாத வயிற்றோடு நின்றிருந்த வெள்ளச்சியின் எடை, ஐம்பத்திரண்டு கிலோவிலிருந்து எட்டுத் தாவலாக இறங்கி இருபத்தாறில் வந்து நின்றது.

அங்கன்வாடி ஆசிரியை தமிழ்க்கொடி தராசின் கண்ணாடியை விரல் மடக்கித் தட்டினாள். அவள் கீழ்நாட்டுக்காரி, திங்கட்கிழமை ஏறி வந்து சனிக்கிழமை இறங்கிப் போகிறவள்.

"எறங்கு. மறுபடி ஏறு."

"ஏறிட்டேன் டீச்சர்."

"இருபத்தாறு காட்டுது. செவுத்தப் புடிக்காத."

"நான் எதையும் புடிக்கல. நீங்கதான் என் கையப் புடிச்சிருக்கீங்க."

தமிழ்க்கொடி கையை விட்டாள். தானே ஏறிப் பார்த்தாள்; வழக்கம்போல அறுபத்து மூன்று. மூலையில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்த பொடியனை இடுப்பில் தூக்கி எடை போடலாம் என்று குனிந்தவள், தூக்கிய வேகத்தில் அவனைக் கூரை ஓட்டில் முட்டவைத்தாள். அவன் அழவில்லை. இன்னொரு தடவை என்றான். அவள் பதிவேட்டை எடுத்து, வெள்ளச்சி என்ற பெயருக்கு நேராகச் சிவப்பு மையில் இருபத்தாறு என்று எழுதினாள். தராசு காட்டுவதை எழுதுவதுதான் அவள் வேலை.

மூட்டைகளில் போனது கல் என்று சொன்னாலும் அது சாதாரணக் கல் அல்ல. ஜனவரி மாதம் ஜெசிந்தா மேடம் ஆறு கூடாரங்களோடும், பிரித்துக் கொண்டுவந்து பூட்டிய ஓர் எந்திரத்தோடும் ஏலவாடிக்கு வந்து, ஊருக்குக் கிழக்கே மொட்டைப் பாறையில் துளை போட ஆரம்பித்திருந்தார். பூமிக்குள் செம்பும் நிக்கலும் இருக்கிறதா என்று பார்ப்பது அவர் தொழில். நாற்பத்தேழு வயது, தூத்துக்குடிப் பக்கம், பத்தொன்பது வருடமாக நான்கு மாநிலங்களில் நூற்றுப் பதினேழு துளை போட்டு நூற்றுப் பதினேழிலும் ஒன்றும் கிடைக்காதவர். எந்திரம் பூமிக்குள்ளிருந்து மணிக்கட்டுப் பருமனில் உருளை உருளையாகக் கல்லை உருவி வெளியே தள்ளும். பார்க்கக் கணுவில்லாத கரும்பு மாதிரி இருந்ததால் ஏலவாடிக்காரர்கள் அதற்குக் கல்கரும்பு என்று பெயர் வைத்தார்கள். நூற்றெழுபதாவது மீட்டரிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டாவது மீட்டர் வரை வந்த கல்கரும்பில் பித்தளைத் தூள் போலவும் வெளிறிய தேன் போலவும் புள்ளிகள் மின்னின. மேடம் அன்று மதியம் சாப்பிடவில்லை. கூடாரத்துக்கும் எந்திரத்துக்கும் இடையே யாரும் கூப்பிடாமலேயே பதினான்கு தடவை நடந்தார்.

அந்தக் கல்கரும்பைப் பெட்டியில் அடுக்கி, தலையில் வைத்துக் கொட்டகைக்குச் சுமந்து, பெட்டிக்குப் பெட்டி வெள்ளைப் பெயிண்டில் எண் எழுதும் வேலை வெள்ளச்சிக்குக் கிடைத்தது. வேலையில் ஒரு முறை உண்டு. ஒவ்வொரு துண்டையும் நீளவாக்கில் ரம்பத்தால் இரண்டாகப் பிளக்க வேண்டும். ஒரு பாதி சோதனைச்சாலைக்கு, மறு பாதி பெட்டியிலேயே சாட்சியாக. மேடம் இதை முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தார். வெள்ளச்சிக்கு அது பிடித்திருந்தது. எடுத்துக்கொண்டு போகிறவர்கள் பாதியையாவது விட்டுவிட்டுப் போவதை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை.

ஆக, பாதிக் கல் மலையை விட்டுப் போனது. மலையில் பிறந்த எல்லாம் பாதி எடை ஆனது. இதில் ஏலவாடிக்காரர்களுக்குப் புரியாதது ஒன்றும் இருக்கவில்லை.

புரிந்துகொண்டதோடு விட்டுவிடாமல் அவர்கள் அதைப் பயன்படுத்தவும் தொடங்கினார்கள். முதல் வாரத்திலேயே வெள்ளாடுகள் கூரையிலிருந்து கூரைக்குத் தாவிப் பழகி, தரையில் மேய்வதைக் கேவலமாக நினைக்க ஆரம்பித்தன. பலாப்பழத்தைப் பெண்கள் மரத்திலிருந்து பறித்துக் கீழே நிற்பவளிடம் பந்துபோல எறிந்தார்கள், கீழே நிற்பவள் ஒரு கையில் பிடித்து மறு கையால் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். ஊற்றுத் தண்ணீரும் மலையிலேயே பிறந்தது என்பதால் நான்கு குடத்தை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கித் தூக்கிக்கொண்டு கதை பேசியபடி வந்தார்கள். சாமைக் களத்தில் போரடித்த ஆண்கள் ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் உயரம் எழும்பியதில் வேலை ஆட்டமாகி, ஆட்டத்துக்கு மேளம் வந்து, மேளத்துக்குப் பக்கத்து ஊர் வந்து, சாமை தூசாகும் மட்டும் யாரும் நிறுத்தவில்லை. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை பார்த்த ஏலவாடிப் பையன்கள் அலறிக்கொண்டு போன் செய்தார்கள். "அங்க என்னா பண்ணித் தொலைச்சீங்க? இங்க ஃபேன் போட்டா நான் நகருறேன்" என்றான் ஒருவன். "ஃபேன நிறுத்து" என்றாள் அவன் அம்மா. அங்கன்வாடியில் நாற்பத்தொரு பிள்ளைகளுக்கும் சிவப்பு மை விழுந்ததால், எடை குறைந்த பிள்ளைகளுக்கான கூடுதல் முட்டை மொத்த ஊருக்கும் அனுமதியானது. முட்டை தின்ற பிள்ளைகள் கொழுத்து, கன்னம் உப்பி, எடை கூடாமல் பறந்து திரிந்தார்கள்.

கோபம் குறைந்துபோனதுதான் ஆச்சரியம் என்று வெள்ளச்சி நினைத்தாள். வேலித் தகராறில் கையை ஓங்கியவன், ஓங்கிய வேகத்தில் தானே ஒரு சுற்றுச் சுற்றி வேலிக்கு அந்தப் பக்கம் போய் இறங்கினான். அங்கே இருந்தவன் சிரிக்க, இவனும் சிரிக்க வேண்டியதாயிற்று. காலை ஊன்றித் திட்டுவதற்குத் தரை ஒத்துழைக்கவில்லை.

ஊரில் முழு எடையோடு மிஞ்சிய ஆண் ஒருவன்தான்: கீழ்நாட்டிலிருந்து வந்து ஏலவாடியில் பெண் கட்டி வீட்டோடு தங்கிவிட்ட சுகுமார். எழுபத்தெட்டுக் கிலோ. அவன் நடந்தால் மட்டும் சத்தம் கேட்டது. ஊர் அவனுக்கு உரல் என்று பெயர் வைத்தது.

"உரலு, மெதுவா வாடா, மலை சாயப்போவுது."

"சாஞ்சா என்னா மச்சான்? நீங்கதான் பறந்துருவீங்களே."

திருவிழாவில் சாமி தூக்கக்கூட அவனை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. சாமியும் மலைக் கல்லில் செய்ததுதான். எட்டுப் பேர் தூக்கும் தேரை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு ஓட, பூசாரி பின்னால் "சாமி நடந்து போவணும்டா, நடந்து!" என்று கத்திக்கொண்டே தாவினார். சுகுமார் மட்டும் கோயில் வாசலில் உட்கார்ந்து செருப்புக்குக் காவல் இருந்தான்.

ஆடிக் காற்று ஆனியிலேயே தொடங்கியபோது கொஞ்சம் சிரமம் இருந்தது. மலைக் கல்லை மடியில் கட்டிப் பயனில்லை, அதுவும் பாதிதானே. கீழ்நாட்டில் விளைந்த பொருள் வேண்டும். ஊர் கூடி யோசித்து, ரேஷன் உப்புப் பொட்டலத்தை ஆளுக்கு ஏழு எட்டாக இடுப்பில் சுற்றிக்கொண்டது. அப்படியும் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையைக் காற்று தூக்கிப் புளியமரத்தில் வைத்தது. தாலியைக் கிளையில் ஏறிக் கட்டினான், பெண்ணும் ஏறி வந்திருந்ததால்.

ஊர்க்கவுண்டர் ஆண்டியப்பனுக்கு மட்டும் ஒரு குறை. ஆடி முடிந்து அவர் கூட்டம் போட்டார். அவரே ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டுதான் பேசினார்.

"காட்டுல வள்ளிக்கிழங்கு தோண்டுறோம். தோண்டுனா என்னா பண்றோம்? கிழங்கோட தலைய வெட்டி அதே குழியில போட்டு மண்ணத் தள்ளிட்டு வர்றோம். அது மறு வருசம் முளைக்கும். இவங்க இருநூத்திப் பன்னெண்டு மீட்டர் தோண்டி எடுத்துட்டு, குழிக்கு என்னா போட்டாங்க?"

"சிமெண்ட்டு" என்றது கூட்டம்.

"சிமெண்ட்டு முளைக்குமா?"

விதிப்படி துளையைச் சிமெண்டால் அடைத்த ஜெசிந்தா மேடம், முன்வரிசையில் அழுத்தமாக உட்கார்ந்திருந்தவர், தலையைக் குனிந்துகொண்டார். போன பாதியைத் திருப்பிக் கொண்டுவர முடியுமா என்று கவுண்டர் கேட்டார். முடியாது, சோதனைச்சாலையில் அதை மாவாக அரைத்துவிட்டார்கள் என்றார் மேடம்.

"சரி, இருக்கற கரும்புலருந்து தலைத் துண்ட வெட்டிக் குழியில போடுவோம். எடை திரும்பட்டும்."

அப்போதுதான் வெள்ளச்சி எழுந்தாள். எட்டரை மாதம். எழுந்தவள் இரண்டு விரல் உயரம் மிதந்து, பிறகு தரைக்கு வந்தாள்.

"மாமா, எனக்குப் புள்ள பொறக்கற வரைக்கும் எடை திரும்ப வேணாம்."

ஊருக்கு அது ஏன் என்று தெரியும். ஏலவாடிக்குச் சாலை கிடையாது. பிரசவ வலி வந்தால், கழியில் போர்வையைத் தூளியாகக் கட்டி, அதில் படுக்கவைத்து, நான்கு பேர் தோள் மாற்றி அடிவாரம் வரை தூக்கிப் போக வேண்டும். பாதை ஒற்றையடி, இறக்கம் நான்கு மணி நேரம், வழியில் தோள் ஆற்றிக்கொள்ள நான்கு பாறைகள். இரண்டு வருடத்துக்கு முன்னால் வெள்ளச்சியை அப்படித் தூக்கிப் போனார்கள். மூன்றாவது பாறையில் இறக்கிவைத்தபோது குழந்தை பிறந்தது. அழவில்லை. முன்கழி தூக்கியவன் அவள் புருஷன் லச்சுமணன். அந்தப் பாறையைத் தாண்டும்போது அவன் இப்போதும் மறுபக்கம் பார்த்துக்கொண்டுதான் நடப்பான்.

"இப்ப நான் இருவத்தொம்பது கிலோ. ரெண்டு பேரு போதும். எங்கயும் இறக்கி வைக்க வேணாம். ஒரு மணி நேரத்துல போயிரலாம்" என்றாள்.

கூட்டம் சம்மதித்தது. ஊர்க்கவுண்டரும் சம்மதித்தார், தலைத் துண்டு விஷயத்தைத் தைக்குத் தள்ளிவைத்தார்கள். வெள்ளச்சி வீட்டுக்குத் தாவித் தாவி வந்தாள். அன்று முழுக்க அவளுக்குக் காரணமில்லாமல் சிரிப்பு வந்துகொண்டிருந்தது.

செப்டம்பர் ஐந்தாம் தேதி தலைமை அலுவலகத்திலிருந்து ஜெசிந்தா மேடத்துக்குக் கடிதம் வந்தது. செம்பு நூற்றுக்கு ஒன்றே முக்கால், நிக்கல் கிட்டத்தட்ட ஒன்று, வாழ்த்துகள். உலோகத்தைப் பிரித்தெடுக்கும் சோதனைக்காகப் பெட்டியில் இருக்கும் மறு பாதியையும் முழுவதுமாக அனுப்பிவைக்கவும். பதினான்காம் தேதி குதிரைகள் வரும்.

மேடம் கடிதத்தைக் கொட்டகைக்கு எடுத்து வந்து வெள்ளச்சிக்குப் படித்துக் காட்டினார். பாதி போனதற்குப் பாதி எடை. மீதியும் போனால் என்னவாகும் என்பதைக் கணக்குப் போட இருவருக்கும் காகிதம் தேவைப்படவில்லை.

"பறந்துருவோம்னு பயமா வெள்ளச்சி?"

"பறக்கறது இருக்கட்டும் மேடம். எடையே இல்லாத உடம்புல புள்ள எந்தப் பக்கமா இறங்கும்?"

மேடம் கடிதத்தை மடித்துக்கொண்டு கூடாரத்துக்குப் போனார். கால் பங்காவது பெட்டியில் இருக்க வேண்டும் என்று இரண்டு தடவை எழுதிக் கேட்டார். இந்தத் துளைக்கு அந்த விதி தளர்த்தப்படுகிறது என்று இரண்டு தடவையும் பதில் வந்தது. நூற்றுப் பதினெட்டாவது துளை அவருடையது. பத்தொன்பது வருடம் கேலி செய்தவர்கள் எல்லாம் அந்த வாரம் போன் செய்து வாழ்த்தினார்கள். தன் நாட்குறிப்பில் 'குறிப்புகள்' என்ற கட்டத்தில், 'ஊர் மக்கள் எடை பாதி. கேள்வி: குழந்தை எந்தப் பக்கம்?' என்று எழுதி, அடியில் கோடு போட்டார்.

பதினான்காம் தேதி காலை ஏழு மணிக்குக் குதிரைக்காரர் செபஸ்தி எட்டுக் குதிரையோடு வந்து, மூட்டையைத் தூக்கிப் பார்த்து, நான்கு போதும் என்று நான்கை வெறுமையாகத் திருப்பி ஓட்டினார். மேடம் கடைசிக் குதிரையோடு நடந்தார். வெள்ளச்சிக்கு நாள் இன்னும் பத்து இருந்தது. எட்டரைக்கு அவளுக்கு வலி வந்தது.

தமிழ்க்கொடி ஆம்புலன்சுக்குப் போன் செய்தாள். வளைவு வரை வருவதாகச் சொன்னார்கள். தூளி கட்டினார்கள். லச்சுமணன் முன்கழி, அவன் தம்பி பின்கழி. கூடவே ஊர் பாதி கிளம்பியது. சுகுமாரை யாரும் கூப்பிடவில்லை. அவனாகவே பின்னால் தொம் தொம் என்று ஓடி வந்தான்.

அதைப்போல ஓர் ஓட்டத்தைத் தொப்பிமலை அதற்குமுன் பார்த்ததில்லை. ஓட்டம் என்று சொல்வதே சரியில்லை. ஒரு திருப்பத்திலிருந்து அடுத்த திருப்பத்துக்கு எழும்பி, தூளி காற்றில் படகுபோல மிதந்து, இறங்கி, பாதையைக் கால் நுனியால் தொட்டு, மறுபடி எழும்பி, முதல் பாறையை நிற்காமல் தாண்டி, இரண்டாவது பாறையை நிற்காமல் தாண்டி, மூன்றாவது பாறை வந்தபோது லச்சுமணன் மறுபக்கம் பார்க்காமல் நேராகப் பார்த்துக்கொண்டே அதன் தலைக்கு மேலாகவே தாண்டினான். தூளிக்குள் வலிக்கும் வலிக்கும் நடுவில் வெள்ளச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"வலிக்குதா, சிரிப்பு வருதா?" என்று கத்தினான் லச்சுமணன்.

"ரெண்டும்! நிறுத்தாத!"

நான்காவது பாறைக்குக் கீழே குதிரைகளைப் பிடித்தார்கள். ஒற்றையடிப் பாதை, ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம், ஒதுங்க இடமில்லை. தூளி ஒதுங்கச் சொல்லிக் கேட்கவில்லை. நான்கு குதிரைகளையும் தலைக்கு மேல் தாண்டியது. பின்னால் வந்தவர்களும் தாண்டினார்கள். செபஸ்தி தொப்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

தாண்டும்போது வெள்ளச்சி போர்வைக்கு வெளியே தலையை நீட்டினாள். "மேடம்! புள்ள இறங்கறதுக்கு முன்னாடி கல்லு வளைவத் தாண்டக் கூடாது!"

"நிறுத்தி வைக்கிறேன், நீ போ!" என்றார் மேடம். அவர் அப்படியே எண்ணித்தான் சொன்னார். ஆனால் குதிரைகள் எண்ணியது வேறு. வளைவுக்கு அந்தப் பக்கம் செபஸ்தி எப்போதும் ஒரு வாளியில் ஊறவைத்த கொள்ளு வைத்திருப்பார். ஆறு வருடமாக அவை அந்த வாளிக்காகவே மலை இறங்குகின்றன. தலைக்கு மேலே ஆட்கள் பறந்ததில் மிரண்ட முதல் குதிரை, மிரட்சிக்கு மருந்து கொள்ளுதான் என்று முடிவு செய்து, கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு பாய்ந்தது. மற்ற மூன்றும் அதன் பின்னால்.

ஒன்பது நாற்பதுக்குத் தூளி வளைவைத் தாண்டி ஆம்புலன்சில் ஏறியது. வண்டி கிளம்பவில்லை. நர்ஸ் விசாலாட்சி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்காது, இங்கேயேதான்" என்றாள். அப்போது குளம்புச் சத்தம் கேட்டது.

முதல் குதிரை வளைவைத் தாண்டியதும் வெள்ளச்சி படுக்கையிலிருந்து ஒரு சாண் எழும்பினாள். ஏலவாடி ஆண்கள் பதினைந்து பேர் பாய்ந்து இரண்டாவது குதிரையின் கயிற்றைப் பிடித்தார்கள். குதிரை நடந்துகொண்டே இருந்தது, பதினைந்து பேரும் கயிற்றில் காயப்போட்ட துணி மாதிரி பின்னால் படபடத்தார்கள். இரண்டாவதும் தாண்டியது. மூன்றாவதும் தாண்டியது. வெள்ளச்சி இப்போது ஆம்புலன்சின் கூரையில் முதுகு தட்ட மிதந்தாள். விசாலாட்சி அவள் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிக்கொண்டு, "ஏம்மா, கீழ வாம்மா, எனக்கு மேல பாத்து பிரசவம் பாத்துப் பழக்கமில்ல!" என்றாள்.

"நானா போறேன்?" என்றாள் வெள்ளச்சி. அவள் சிரிக்கவில்லை இப்போது. வலி வந்தது, ஆனால் போக வழி தெரியாமல் உடம்புக்குள்ளேயே சுற்றியது.

நான்காவது குதிரை வளைவுக்கு ஆறு அடி தூரத்தில் இருந்தபோது சுகுமார் வந்து சேர்ந்தான். மூச்சு வாங்க, வியர்வை ஊற்ற, பாதையின் நடுவில் குதிரைக்கு முன்னால் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அவ்வளவுதான் செய்தான். குதிரை முகர்ந்தது, முட்டியது, தள்ளியது. எழுபத்தெட்டுக் கிலோவும் அசையவில்லை.

"உரலு, எந்திரிச்சிராதடா!" என்று கயிற்று நுனியில் பறந்தபடி கதறினார்கள் பதினைந்து பேரும்.

"இன்னிக்கி மட்டும் நல்லாத் தெரியுதா உரலு?" என்றான் அவன்.

ஜெசிந்தா மேடம் வளைவைத் தாண்டி ஓடினார். செபஸ்தியிடம், "மூணையும் உள்ள திருப்புங்க" என்றார்.

"மேடம், வனத்துறைச் சீட்டுல நேரம் போட்டாச்சு. வெளிய வந்ததுக்குக் கையெழுத்து ஆயிருச்சு."

"அடிச்சு எழுதுங்க."

"குதிரை திரும்பாது மேடம். கொள்ளுல வாய் வச்சிருச்சு."

மேடம் வாளியைப் பார்த்தார். ஆம்புலன்சைப் பார்த்தார்; அதன் கதவில் ஒரு நர்ஸின் கால்கள் மட்டும் தரைக்கு ஒரு முழம் மேலே உதைத்துக்கொண்டிருந்தன. பத்தொன்பது வருடமும் நூற்றுப் பதினெட்டாவது துளையும் அந்த மூன்று குதிரைகளின் முதுகில் நின்று கொள்ளு தின்றன. அவர் கொள்ளு வாளியை இரண்டு கையாலும் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்து வளைவுக்குள் போனார். குதிரைகள் வாளியைப் பார்த்தன. பிறகு நடந்தன.

முதல் குதிரை உள்ளே நுழைந்தது. வெள்ளச்சி கூரையிலிருந்து பாதி தூரம் இறங்கினாள். இரண்டாவது நுழைந்தது, முதுகு படுக்கையைத் தொட்டது. மூன்றாவது குதிரை வளைவுக்கு நடுவில் நின்று ஒரு தும்மல் போட்டுவிட்டு உள்ளே கால் வைத்தபோது, அன்று காலை போன எடை எல்லாம் மொத்தமாக அவள் உடம்பில் தொப்பென்று வந்து விழுந்தது. அந்த விழுதலோடு குழந்தையும் இறங்கியது.

அழுதது. கயிற்றிலிருந்து உதிர்ந்து புதரில் கிடந்தவர்களுக்குக்கூடக் கேட்டது.

விசாலாட்சி குழந்தையை எடைத் தொட்டிலில் வைத்துப் பார்த்தாள். பெண், மூன்று கிலோ நூறு. முழு எடை. குழந்தை பிறந்தது வளைவுக்கு வெளியே, தார்ச்சாலையில். அது கீழ்நாட்டுப் பிள்ளை. வெள்ளச்சி கையில் வாங்கியபோது கை சரேலென்று தாழ்ந்தது. மூன்று மாதத்தில் அவள் தூக்கியவற்றிலேயே அதுதான் கனமாக இருந்தது. லச்சுமணன் எட்டிப் பார்த்து, தொட்டுப் பார்த்து, ஒரு விரலால் தூக்கப் பார்த்து முடியாமல், தார்ச்சாலையில் உட்கார்ந்து அழுதான்.

மூட்டைகளை மேடம் வளைவுக்கு உள்பக்கமாகவே இறக்கி, அங்கிருந்த எடைப் பலகையில் செபஸ்தி முன்னிலையில் நிறுத்தார். ஜூனில் போன பாதி நானூற்றெண்பது கிலோ. அதற்குச் சமமான இந்தப் பாதி, மலையில் பிறந்த குற்றத்துக்காக, இருநூற்று நாற்பது. அந்த எண்ணை அப்படியே எழுதி, செபஸ்தியிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கி, தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார்.

"பொய் எழுதலியே மேடம்?" என்று அடுத்த வாரம் வெள்ளச்சி கேட்டாள்.

"நான் எங்க எழுதினேன்? பலகை எழுதிச்சு."

நவம்பர் 17 அன்று பதில் வந்தது. சோதனைக்குக் குறைந்தது நானூறு கிலோ தேவை. மாதிரி எடை போதாது. மறு துளைக்கு நிதி இல்லை. தொப்பிமலைப் பகுதி கைவிடப்படுகிறது. மூட்டைகள் கொட்டகைக்குத் திரும்பின. வெள்ளச்சி அவற்றைப் பிரித்து, துண்டு துண்டாக, எண் வரிசையில் பெட்டியில் அடுக்கினாள். கூடாரங்களைப் பிரித்த அன்று மேடம் அவளிடம் கொட்டகைச் சாவியைக் கொடுத்தார். குழந்தையைக் கேட்டு வாங்கி, வெகு நேரம் தோளில் வைத்திருந்துவிட்டு, "நல்ல கனம்" என்றார்.

தை மாதம் சிமெண்டை உடைத்து, முதல் பெட்டியின் முதல் துண்டைக் குழிக்குள் போட்டு மண்ணைத் தள்ளினார்கள். அதன்பிறகு தராசு முள் மாதத்துக்கு ஒரு மயிரிழை நகர்வதாகத் தமிழ்க்கொடி சொல்கிறாள். பழைய எடை வர நூற்று நாற்பது வருடம் ஆகும் என்பது அவள் கணக்கு. ஊருக்கு அவசரமில்லை. தேரின் முன்கழி இப்போது சுகுமாருக்குத்தான். அவன் ஒருவன் பிடித்தால்தான் சாமி நடந்து போகிறது.

2023 ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு அன்று பகல் பதினொன்றரைக்கு அடித்த காற்றில் ஏலவாடியில் பதினோரு பேர் பறந்து மரங்களில் சிக்கினார்கள். வெள்ளச்சி அவர்களில் இல்லை. அவள் இடுப்பில் மகள் இருந்தாள்.